அட்மின் பாஸ்வேர்டு மறந்துபோச்சா? லினக்ஸ் கேள்வி பதில்

பாலக்கோடு: அண்ணா, தக்காளி மண்டி கணக்கு எல்லாம் உபுண்டு கம்ப்யூட்டர்ல இருக்கு. பாஸ்வேர்டு போட்ட பையன் பெங்களூருக்கு வேலைக்குப் போயிட்டான், போனும் எடுக்கல. கணக்கு அழியாம பழைய பாஸ்வேர்டை எடுக்க முடியுமா?

பழசை எடுக்க முடியாதுங்க, புதுசா மாத்தலாம். லினக்ஸ் பாஸ்வேர்டை அப்படியே எழுதி வைக்காது. திருப்பிப் பிரிக்க முடியாத ஹாஷா மாத்தி, ‘ஷேடோ’ங்கிற ஃபைல்ல வைக்கும். கணக்கு ஃபைலுக்கு ஒண்ணும் ஆகாது.

மெஷினை ஆன் பண்ணி, லோகோ வந்ததும் ஷிஃப்ட் கீயை அழுத்திப் பிடிங்க. புது மாடலா இருந்தா எஸ்கேப்பை ஒரே ஒரு தட்டு. கறுப்புத் திரையில ‘க்ரப்’னு (லினக்ஸைத் துவக்கி வைக்கிற மெனு புரோகிராம்) மட்டும் வந்து நின்னா கூடத் தட்டிட்டீங்க, மறுபடி ஆன் பண்ணுங்க. மெனு வந்ததும் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’, அதுக்குள்ள ‘ரிகவரி மோட்’, அடுத்த பட்டியல்ல ‘ரூட்’.

இப்ப நீங்கதான் அட்மின். ஆனா டிஸ்க்கைப் படிக்கத்தான் முடியும், எழுத முடியாத நிலையில இருக்கலாம். அதனால முதல்ல ‘மவுண்ட் -ஓ ரீமவுண்ட்,ஆர்டபிள்யூ /’ கட்டளையை ஆங்கிலச் சின்ன எழுத்துல அடிங்க. கமாவுக்குப் பின்னாடி இடைவெளி கூடாது, கடைசி சாய்வுக்கோட்டுக்கு முன்னாடி கட்டாயம் வேணும். அடுத்து பி-ஏ-எஸ்-எஸ்-டபிள்யூ-டி (‘வேர்டு’ல இருக்கிற ஓவும் ஆரும் இதுல கிடையாது), ஒரு இடைவெளி, பையன் வச்ச யூசர் பேர். பேர் தெரியலைன்னா ‘ஹோம்’ ஃபோல்டருக்குள்ள அதே பேர்ல ஒரு ஃபோல்டர் இருக்கும். புது பாஸ்வேர்டு அடிக்கும்போது திரையில ஒரு புள்ளிகூட வராது. கீபோர்டு கெட்டுப்போச்சுன்னு பயந்து பாதியில நிறுத்தாதீங்க.

உள்ளே போனதும் ‘கீரிங்’ (சேமிச்ச பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கிற பெட்டி மாதிரி) பழைய பாஸ்வேர்டைக் கேட்கும். அதை இனித் திறக்க முடியாது, அழிச்சிட்டுப் புதுசா வச்சுக்கணும். பிரவுசர்ல சேமிச்ச பாஸ்வேர்டுகளும் சேர்ந்து போகலாம்.

கிருஷ்ணகிரி: நீங்க சொன்னபடிதான் சார் செஞ்சேன். ‘டோக்கன் மேனிபுலேஷன் எரர்’னு வருது.

மவுண்ட் வரியை விட்டிருப்பீங்க, இல்ல தப்பா அடிச்சிருப்பீங்க. டிஸ்க்ல எழுத முடியலைன்னாதான் பெரும்பாலும் இது வரும்.

பென்னாகரம்: அரசு கொடுத்த பழைய லேப்டாப் சார், விண்டோஸோட பாஸ் லினக்ஸும் இருக்கு. ரிகவரிக்குப் போனாலே ரூட் பாஸ்வேர்டு கேட்குது.

மத்திய அரசோட சிடாக் நிறுவனம் தயாரிச்ச பாஸ் லினக்ஸ், டெபியன்ங்கிற லினக்ஸ் வழி வந்தது. ரூட் பாஸ்வேர்டு போட்டிருந்தா டெபியன் ரிகவரியிலயும் அதைக் கேட்கும். மெனுவுல லினக்ஸ் வரி மேல நின்னு ‘ஈ’ கீயைத் தட்டுங்க தம்பி. ‘லினக்ஸ்’னு தொடங்கும் நீள வரியில ‘ஆர்ஓ’வை ‘ஆர்டபிள்யூ’ ஆக்கி, வரிக் கடைசியில ‘இனிட்=/பின்/பாஷ்’ சேர்த்து கன்ட்ரோல் எக்ஸ். பாஸ்வேர்டு கேட்காமலே உள்ளே விடும். மேல சொன்னபடி பாஸ்வேர்டை மாத்தினதும் ‘சிங்க்’ அடிச்சிட்டு பவர் பட்டனை அழுத்தி அணைங்க, அங்க சாதாரண ரீபூட் வேலை செய்யாது. இந்த வரி மாற்றம் ஒரு தடவைக்குத்தான், விண்டோஸ் பக்கம் ஒண்ணும் ஆகாது.

ஓசூர்: கம்பெனி ஃபெடோரா மெஷின்லயும் இதே வழியா?

ஃபெடோராவும் ஒரு லினக்ஸ்தான், வழி கிட்டத்தட்ட அதேதான். அணைக்கறதுக்கு முன்னாடி ‘டச் /.ஆட்டோரீலேபிள்’ அடிக்கணும், இல்லைன்னா எஸ்இலினக்ஸ்ங்கிற பாதுகாப்பு ஏற்பாடு லாகின் பண்ண விடாம மறிக்கும். ஆனா மெஷின் கம்பெனியோடது. ஐடி ஆளைக் கேட்காம கை வைக்காதீங்க.

அரூர்: அப்போ லேப்டாப்பைத் திருடினவன்கூட இப்படித் திறந்துடுவானே அண்ணா?

திறப்பான். லாகின் பாஸ்வேர்டு வெறும் வாசல் தாழ்ப்பாள்தான். க்ரப்புக்குப் பாஸ்வேர்டு போட்டாலும் டிஸ்க்கைக் கழட்டி வேற மெஷின்ல மாட்டிடுவான். உபுண்டு போடும்போதே டிஸ்க் என்கிரிப்ஷன் (பாஸ்வேர்டு இல்லாம டிஸ்க்கைப் படிக்கவே முடியாதபடி பூட்டறது) தேர்ந்தெடுங்க. ஆனா அந்தப் பாஸ்வேர்டை மறந்தா மேல சொன்ன எதுவும் உதவாது, டேட்டா போனது போனதுதான். அதுக்கு ஒண்ணுக்கு மேல பாஸ்வேர்டு வைக்க இடம் இருக்கு, லினக்ஸோட டிஸ்க் என்கிரிப்ஷன் முறையான லக்ஸோட பழைய பதிப்பு லக்ஸ்-1ல எட்டு. ரெண்டாவது ஒண்ணு போட்டு, தாள்ல எழுதி பீரோவுல வைங்க.