நீலமாக ஒளிரும் குள்ள விண்மீன் மண்டலங்கள் (விண்மீன்கள் குறைவாக உள்ள சிறிய கேலக்சிகள்) புதிதாகப் பிறந்தவையா?

இல்லை, நிறம் ஏமாற்றுகிறது. நீல ஒளி தருபவை சில மில்லியன் ஆண்டுகளே வாழும் பாரிய விண்மீன்கள். அண்மையில் விண்மீன்கள் பெருவாரியாகப் பிறந்தன என்பதற்கு மேல் அந்த நிறம் எதுவும் சொல்லாது.

சித்திரை இரவில் நிலாவெளிக் கரையில் நின்று வடக்கே பார்த்தால் சப்தரிஷி மண்டலம் தெரியும். அந்தத் திசையில்தான் ஐ சுவிக்கி 18 என்ற நீலக் குள்ள கேலக்சி இருக்கிறது (வெறுங்கண்ணால் தேடி மெனக்கெட வேண்டாம்). விண்மீன்கள் தலைமுறை தலைமுறையாக ஆக்கிச் சேர்க்கும் ஒட்சிசன் அதன் வாயுவில் மிகக் குறைவு என்பதால், வயது 50 கோடி ஆண்டுக்குள்தான் என்று சிலர் 2004இல் வாதிட்டார்கள். 2007இல் ஹபிள் தொலைநோக்கியின் படங்களில் மங்கலான செவ்வரக்க விண்மீன்கள் (முதுமையில் ஊதிச் சிவந்தவை) அகப்பட்டன. பாரியதல்லாத இத்தகைய விண்மீன் அந்த நிலையை எட்டவே நூறு கோடி ஆண்டாவது வேண்டும்!

ஒட்சிசன் குறைவுக்கு இளமைதான் காரணமாக இருக்க வேண்டியதில்லை. ஈர்ப்பு பலவீனமான மண்டலங்களில், வெடிக்கும் விண்மீன்கள் அதை வெளியே வீசிவிடும்.