பென்சன் எடுத்தாச்சு, பிரைவேட் காப்புறுதி போடுறதோ?

கேள்வி: நான் யாழ்ப்பாணம் கோண்டாவில், 60 வயசிலை பென்சனிலை வந்த ஆசிரியர். பென்சன் 62,000, வைப்பிலை 15 லட்சம். எனக்கு 8 வருசமா சீனி வருத்தம், அம்மாவுக்கு பிரஷர். கனடாவிலை இருக்கிற மகன் பிரைவேட் மெடிக்கல் இன்சூரன்ஸ் போடச் சொல்லுறார், ஏஜென்ட் 10 லட்சக் கவருக்கு வருசம் 168,000 எண்டு சொல்லுறார். போடட்டோ?

பதில்: மாஸ்டர், 168,000 எண்டா மாசம் 14,000, உங்கட பென்சனிலை கிட்டத்தட்ட நாலிலை ஒரு பங்கு. அதுவும் இந்த வயசுக் கணக்கு, 70 வரேக்கை இதே காசுக்குத் தருவினமோ எண்டு ஏஜென்ட் சொன்னவரோ? சொல்லியிருக்க மாட்டார்.

முதல் உங்கட பென்சன் துண்டை எடுத்து அக்ரஹார எண்ட அரசாங்க ஊழியர் மருத்துவக் காப்புறுதிக்குக் காசு கழிபடுதோ எண்டு பாருங்கோ. அது தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்திறது, பென்சன்காரருக்கும் இருக்கு. கனபேர் கழிபடுறதே தெரியாமல் பில்லுகளைக் குப்பையிலை போடுகினம். அம்மாவுக்கும் சேருமோ எண்டு பிரதேச செயலகத்திலை பென்சன் பாக்கிற பிள்ளையிட்டைக் கேளுங்கோ.

இனி பிரைவேட் பொலிசி. உங்களுக்கு உண்மையிலை பயம் என்ன, சீனியாலை நாளைக்கு இதயமோ கிட்னியோ பழுதாகி கொழும்புக்கு ஓடவேண்டி வந்தா எண்டதுதானே, ஆனா ஏற்கனவே இருக்கிற வருத்தத்துக்கும் அதாலை வாறதுக்கும் கன பொலிசியள் ஒண்டில் காசு தராது இல்லாட்டி சில வருசம் பொறுக்கச் சொல்லும், அப்ப நீங்கள் பயப்பிடுற விசயத்தை விட்டிட்டு மற்றதுக்கெல்லாம் 168,000 கட்டிறியள். படிவத்திலை சீனியை மறைச்சுப் போட்டா வருசா வருசம் கட்டிற கட்டுக்காசு சிக்கலில்லாமல் போகும், கிளெய்ம் வரேக்கைதான் பழைய கிளினிக் கொப்பியைக் கேப்பினம். 'சீனி போட வேண்டாம் சேர், நான் பாக்கிறன்' எண்டு ஒரு ஏஜென்ட் சொன்னா அவரை வாசலோடை அனுப்புங்கோ.

சீனிக் குளிசையும் கிளினிக்கும் யாழ் போதனா ஆஸ்பத்திரியிலை இலவசம், வரிசையிலை நிக்கிறதுதான் கஷ்டம். அதுக்கு ஓபிடி கவர், அதாவது தங்காமல் காட்டிப்போட்டு வாற செலவுக்கான கவர், வாங்கிறது வீண் செலவு, அதை வெட்டிவிட்டு ஆஸ்பத்திரியிலை தங்கிறதுக்கு மட்டும் என்ன விலை எண்டு கேளுங்கோ. அறை வாடகைக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு வரம்பு, பில்லிலை எத்தினை வீதம் உங்கட தலையிலை விழும், எத்தினை வயசு மட்டும் புதுப்பிப்பினம், இதெல்லாம் வாயாலை இல்லை, கடிதத்திலை.

என்ரை கணக்கு இப்பிடி: அந்த 15 லட்சத்திலை 5 லட்சத்தை ஆறு மாச வைப்பாப் பிரிச்சு வருத்தத்துக்கெண்டே விடுங்கோ, உடைச்சாலும் பெரிசா நட்டமில்லை. சீனியாலை வாற இதய வருத்தத்துக்கு எப்பேலேந்து காசு தருவினம் எண்டு கம்பனி எழுத்திலை தந்தா மட்டும் பொலிசியைப் போடுங்கோ, அந்தக் கட்டுக்காசை மகனையே கட்டச் சொல்லுங்கோ, அவர்தானே கேட்டவர். ஜனாதிபதி நிதியத்தின்ரை மருத்துவ உதவிக்கு 2025 இலிருந்து பிரதேச செயலகத்திலையே விண்ணப்பிக்கலாம், அக்ரஹார கேக்கப் போற அண்டைக்கே அந்தப் படிவத்தையும் ஒண்டு வாங்கி வையுங்கோ.