ஃப்ளூ ஊசி போட்ட கை சிவந்தால்...

கேள்வி: அம்மாவுக்கு 67 வயது, சர்க்கரை இருக்கிறது. ஐப்பசி மழைக்கு முன்னால் ஃப்ளூ ஊசி போட்டோம். மறுநாள் ஊசி போட்ட இடம் உள்ளங்கை அகலத்துக்குச் சிவந்து வீங்கி, தொட்டால் சுட்டது, ஒரே அரிப்பு. மூன்று நாளில் வற்றிவிட்டது. 'உடம்புக்கு ஒத்துக்கலை, இனிமே வேண்டாம்' என்கிறார். அவருக்கு முட்டையும் சேராது. அடுத்த வருடம் போடலாமா?
- வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: தாராளமாகப் போடலாம் சகோதரி. மருந்து இறங்கிய இடத்துக்கு எதிர்ப்புச் செல்கள் திரண்டு வரும்போது அங்கே ரத்தக் குழாய்கள் விரிந்து நீர் கசியும், அதுதான் சிவப்பும் சூடும் வீக்கமும். பலருக்கும் வருவதுதான், இரண்டு மூன்று நாளில் தானாக அடங்கும். இதை ஒவ்வாமை என்று எடுத்துக்கொண்டு ஊசியையே நிறுத்திவிடாதீர்கள், சர்க்கரை உள்ள பெரியவர்களுக்கு ஃப்ளூ வந்தால் நிமோனியா வரை போகும்.

மறுபடி வீங்கினால் குளிர்ந்த நீரில் நனைத்த துணி போதும். சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்துப் பூசுவார்கள், வேண்டவே வேண்டாம், தோல் வெந்துபோகும், அதோடு சிவப்பு பரவுகிறதா என்பதும் அந்தப் பூச்சுக்கடியில் தெரியாமல் போய்விடும். சிவப்பின் ஓரத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டு வையுங்கள். மூன்றாம் நாளுக்கு மேலும் கோட்டைத் தாண்டிப் பரவினாலோ, சீழ் வைத்தாலோ, காய்ச்சல் விடாமல் அடித்தாலோ அன்றைக்கே டாக்டரிடம் காட்டுங்கள். சர்க்கரைக்காரர்கள் நாளைக்குப் பார்க்கலாம் என்று தள்ளக்கூடாது.

நிஜமான ஒவ்வாமை வேறு மாதிரி வரும். ஊசி போட்ட சில நிமிடங்களிலோ சில மணி நேரத்திலோ, கையை விட்டு வயிறு, தொடை, முதுகு என்று காணாக்கடி போலத் தடிப்புத் தடிப்பாகக் கிளம்பும். தடிப்பு மட்டும் என்றால் டாக்டர் கொடுக்கும் அரிப்பு மாத்திரையில் பெரும்பாலும் அடங்கிவிடும், ஆனால் அடுத்த ஊசிக்கு முன் அதைச் சொல்லியே ஆகவேண்டும். கூடவே உதடு, கண் இமை வீங்கி, மூச்சு இழுத்து, தலை சுற்றினால் உடனே 108. பத்து லட்சம் ஊசிக்கு ஒன்று என்ற அளவில்தான் இது நடக்கிறது, அதனால்தான் ஊசி போட்டதும் கால் மணி நேரம் அங்கேயே உட்காரச் சொல்கிறோம். பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று கிளம்பிவிடாதீர்கள்.

அப்புறம் முட்டை. ஃப்ளூ மருந்தில் பெரும்பாலானவை கோழி முட்டையில் வளர்த்த வைரஸிலிருந்து தயாராகின்றன, கடைசியில் அதில் மிஞ்சும் முட்டைப் புரதம் மிகமிகக் கொஞ்சம். முட்டை ஒவ்வாமை உள்ளவர்களுக்குத் தனி முன்னெச்சரிக்கை எதுவும் தேவையில்லை என்று அமெரிக்க அரசின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி 2023-லேயே சொல்லிவிட்டது. முன்பு போட்ட ஃப்ளூ ஊசியிலேயே மூச்சுத் திணறல் வரை போனவர்கள் மட்டும் நிபுணரைப் பார்க்காமல் மறுபடி போடக்கூடாது, உங்கள் அம்மாவுக்கு அப்படி எதுவும் ஆகவில்லையே. அடுத்த வருடம் போகும்போது இந்த முறை போட்ட மருந்தின் பெயர் உள்ள சீட்டைக் காட்டி, கை சிவந்ததையும் சொல்லுங்கள், மற்றக் கையில் போடச் சொல்லலாம்.