சோப்பு நுரைக்காத தண்ணீரும் முதல் உயிரும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

பென்னாகரம் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் உயிரியல் நடத்துகிறேன். உயிரின் தோற்றம் பற்றிய பாடத்தில் ஆதி பூமியில் இருந்ததாகக் கருதிய வாயுக்களில் மின்பொறி பாய்ச்சிய மில்லர் சோதனையைக் கரும்பலகையில் வரைந்து, அமினோ அமிலம் வந்தது, அதிலிருந்து உயிர் வந்தது என்று முடித்துவிடுவது வழக்கம். இந்த முறை ஒரு மாணவி, "எங்க வீட்டு முன்னாடி செங்கல் இறக்கி ரெண்டு வருஷம் ஆச்சு சார், வீடு இன்னும் வரலையே" என்றாள். வகுப்பே சிரித்தது. பதில் எனக்குச் சரியாகச் சொல்ல வரவில்லை.

மூன்று கேள்விகள். கடலடி ஊற்று, வெந்நீர்க் குட்டை, விண்கல் என்று ஆளாளுக்கு ஒன்று சொல்கிறார்களே, பிள்ளைகளிடம் எதைச் சொல்வது? மில்லர் சோதனையைப் பள்ளி ஆய்வகத்தில் செய்து காட்ட முடியுமா? ஒகேனக்கல் பாறை 250 கோடி ஆண்டு பழையது என்கிறார்கள். அதில் ஆதி உயிரின் தடயம் இருக்குமா?

பென்னாகரத்திலிருந்து ஒரு வாசகர்

*

அன்புள்ள ஐயா,

அந்த மாணவி கேட்டதுதான் இந்தத் துறையின் மையக் கேள்வி. செங்கல் கிடைப்பது இன்று பெரிய சிக்கலே இல்லை. கொத்து வேலை நடக்கவேண்டிய இடத்தில் தண்ணீர் நிற்கிறது என்பதுதான் சிக்கல். உங்கள் ஊர்த் தண்ணீரை வைத்தே இதைக் காட்டலாம். அதற்கு முன் மில்லரைப் பார்த்துவிடுவோம்.

மில்லர் சோதனையைப் பள்ளியில் செய்யவே செய்யாதீர்கள். 1953இல் வெளியான அந்தக் கட்டுரையின்படி குடுவைக்குள் மீத்தேன் 20 செ.மீ. பாதரச அழுத்தம், அம்மோனியா 20, ஹைட்ரஜன் 10. கீழே தண்ணீர் கொதிக்க, மேலே மின்பொறி ஒரு வாரம் விடாமல் அடித்தது. உள்ளே இருந்த காற்றை முழுதும் உறிஞ்சி எடுத்த பிறகே வாயுக்களை விட்டார்கள். எங்காவது ஒரு மூட்டு கசிந்து காற்று உள்ளே போனால், ஹைட்ரஜன், மீத்தேன், ஆக்சிஜன், தீப்பொறி நான்கும் ஒரே கண்ணாடிக்குள் இருக்கும். அதை நாம் வெடிகுண்டு என்போம்.

அந்தச் சோதனையில் பாடப்புத்தகம் விட்டுவிடும் ஒன்று உண்டு. முதல் நாள் கழித்து இளஞ்சிவப்பாக இருந்த நீர், வாரக் கடைசியில் அடர்சிவப்பாகக் கலங்கிப்போனது. போட்ட கார்பனில் கிளைசின் ஆனது ஏறத்தாழ 2 சதவீதம். பெரும்பகுதி தார் மாதிரிப் பிசுக்கு. மில்லர் பத்திரமாக வைத்துவிட்டுப் போன பழைய குப்பிகளை 2008இல் புதிய கருவிகளால் சோதித்தபோது, எரிமலை நீராவியைப் போலச் செய்த ஓர் அமைப்பில் 22 அமினோ அமிலங்கள் தெரிந்தன. நல்ல செய்திதான், ஆனாலும் பிசுக்கு பிசுக்குதான்.

சர்க்கரையிலும் இதே கதை. ஃபார்மால்டிஹைடுக் கரைசலில் சுண்ணாம்பு சேர்த்துச் சூடாக்கினால் சர்க்கரைகள் உண்டாகும் என்று பட்லெரோவ் 1861இலேயே காட்டிவிட்டார். மரபுச் செய்தியைச் சுமக்கும் ஆர்.என்.ஏ. மூலக்கூறுக்கு வேண்டிய ரைபோஸ் என்ற சர்க்கரையும் அதில் வரும், ஆனால் பல டஜன் சர்க்கரைகளுக்கு நடுவே 1 சதவீதத்துக்கும் குறைவாக. அடுப்பை விட்டு இறக்காவிட்டால் மஞ்சளாகி, பழுப்பாகி, கருகிப்போகும். வெல்லம் காய்ச்சுகிறவரிடம் கேளுங்கள், பதம் தவறினால் கொப்பரையில் என்ன மிஞ்சும் என்று சொல்வார். அவராவது பக்கத்தில் நின்று துடுப்புப் போடுகிறார். ஆதி பூமியில் பதம் பார்க்க ஆள் இல்லை. போரேட் தாதுக்கள் ரைபோஸைப் பிடித்துவைத்துக் கருகலைத் தள்ளிப்போடும் என்று பென்னர் குழு 2004இல் காட்டியது ஓரளவு ஆறுதல்.

இனி தண்ணீருக்கு வருவோம். இரண்டு அமினோ அமிலங்கள் இணையும்போது ஒரு நீர் மூலக்கூறு வெளியேற வேண்டும். சுற்றிலும் தண்ணீரே இருக்கும்போது அந்த வினை பின்னோக்கித்தான் சாயும். ஈரத் துணியைக் குளத்துக்குள் உலர்த்துவது போல. ஆர்.என்.ஏ. சங்கிலிக்கும் இதே தொல்லை. அதனால்தான் டேவிட் டீமர் போன்றவர்கள் எரிமலை நிலத்து வெந்நீர்க் குட்டைகளை நோக்கிப் போனார்கள். குட்டை வற்றும்போது கரைந்தவை விளிம்பில் செறிந்து இணையும், மறுபடி நனையும்போது கலைந்து வேறு விதமாகச் சேரும். அமினோ அமிலத்தோடு லாக்டிக் அமிலம் போன்றவற்றைச் சேர்த்து 85 டிகிரியில் நனைத்து உலர்த்தினால் சங்கிலி உண்டாவதை 2015இல் காட்டியிருக்கிறார்கள். கோடையில் ஏரி வற்றிக் கரையில் வெள்ளை பூத்து நிற்பதை உங்கள் பிள்ளைகள் பார்த்திருப்பார்கள். அந்த உப்புப் படிவுதான் இதற்குக் கண்ணெதிர் மாதிரி. ஆனால் 85 டிகிரிக்குச் சித்திரை வெயில் போதாது, அடியிலிருந்து சூடு வேண்டும். ஏரிக்கரையில் இன்று புது உயிர் ஏதும் முளைக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். இருக்கிற பாக்டீரியா விட்டுவைக்காது, காற்றிலுள்ள ஆக்சிஜனும் விடாது.

சரி, சங்கிலி உண்டாகிவிட்டது என்றே வைப்போம். ஆர்.என்.ஏ. வெறும் மரபு எழுத்து மட்டுமல்ல, நொதி போல வினையை முடுக்கும் வேலையும் செய்யும் என்பது 1980களில் செக், ஆல்ட்மன் இருவராலும் தெரியவந்தது. நம் சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன் 2009இல் நோபல் பகிர்ந்துகொண்ட ரைபோசோம் ஆய்வுகள் இதை நம் உடலுக்குள்ளேயே கொண்டுவந்து நிறுத்தின. புரதத்தைக் கோக்கும் அந்த எந்திரத்தில், இணைப்பு நடக்கும் இடத்தில் இருப்பது ஆர்.என்.ஏ. முதலில் ஆர்.என்.ஏ., பிறகு புரதம் என்று சொல்வதற்கு இதைவிட வலுவான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

ஆனால் ஆர்.என்.ஏ. தன்னை நகலெடுக்க மக்னீசியம் வேண்டும். நொதி இல்லாமல் நகலெடுக்கும் சோதனைகளில் லிட்டருக்கு 50 மில்லிமோல் அளவில் போடுகிறார்கள். அந்த ஆர்.என்.ஏ.வைப் பொதிந்துவைக்க ஒரு பையும் வேண்டும். ஆதிப் பைக்கு எல்லாரும் கை நீட்டுவது கொழுப்பு அமிலங்களை. கொழுப்பு அமிலம் என்றால் வேறொன்றுமில்லை, சோப்பின் மூலப்பொருள். சோப்பைக் கால்சியமும் மக்னீசியமும் கலந்த உப்புத் தண்ணியில் போட்டால் என்ன ஆகும் என்று தர்மபுரி மாவட்டத்துப் பிள்ளைகளுக்கா சொல்லித்தர வேண்டும்?

இதை வகுப்பில் செய்து காட்டுங்கள். மூன்று கண்ணாடி டம்ளர். முதலாவதில் 200 மி.லி. மழைநீர் அல்லது வாலை வடிநீர். மற்ற இரண்டிலும் அதே அளவு போர் தண்ணீர். பழைய பாணி பார் சோப்பைச் சீவி, வெதுவெதுப்பான வாலை வடிநீரில் கரைத்து வைத்துக்கொள்ளுங்கள். டிடர்ஜென்ட் கட்டி வேண்டாம், அது உப்புத் தண்ணியிலும் நுரைக்கும், சோதனை படுத்துவிடும். முதல் டம்ளரில் இரண்டு ஸ்பூன் சோப்புக் கரைசல் விட்டுக் கலக்கினால் நுரை நிற்கும். இரண்டாவதில் அதே அளவு விட்டால் நுரை வராது. வெள்ளையாகத் திரிதிரியாக மிதக்கும், டம்ளர் சுவரில் பிசுபிசுவென்று ஒட்டும். தண்ணீரிலிருந்த கால்சியமும் மக்னீசியமும் கொழுப்பு அமிலத்தைப் பிடித்துக் கட்டிப்போட்டுவிட்டன. ஆதிச் செல்லின் சவ்வும் இப்படித்தான் திரிந்துபோயிருக்கும். சில மில்லிமோல் மக்னீசியமே அந்தப் பைகளுக்கு அதிகம். நகலெடுக்கவோ 50 வேண்டும்.

மூன்றாவது டம்ளரில்தான் விஷயம். எலுமிச்சை உப்பு (சிட்ரிக் அமிலம்) 1 கிராம், சமையல் சோடா 1.3 கிராம் இரண்டையும் கொஞ்சம் வாலை வடிநீரில் கலந்து, பொங்கல் அடங்கும்வரை விடுங்கள். கிடைப்பது சோடியம் சிட்ரேட் கரைசல். அதை முதலில் போர் தண்ணீரில் ஊற்றிக் கலக்கி, அதற்குப் பிறகே சோப்புக் கரைசலை விடவேண்டும். திரி வெகுவாகக் குறையும், நுரையும் தலைகாட்டும். வரிசை மாறினால், ஏற்கெனவே கட்டிய திரி லேசில் கரையாது. சோடா சேர்க்காமல் எலுமிச்சை உப்பை மட்டும் போட்டால் இன்னொரு தப்பு நடக்கும். புளிப்பில் சோப்பே உடைந்து கொழுப்பாக மிதக்கும், பிள்ளைகள் அதையும் உப்புத் திரி என்று எழுதிவைப்பார்கள்.

இந்தச் சிட்ரேட் தந்திரத்தைத்தான் அடமாலாவும் ஷோஸ்டாக்கும் 2013இல் செய்தார்கள். சிட்ரேட் மக்னீசியத்தைத் தளர்வாகப் பிடித்துக்கொள்ள, கொழுப்புப் பை உடையாமல் நின்றது, உள்ளே ஆர்.என்.ஏ. நகலெடுப்பும் நடந்தது. அழகான சோதனை. ஆனால் அத்தனை சிட்ரேட்டை ஆதி பூமியில் யார் கொண்டுவந்து கொட்டியது? அதற்கு நம்பும்படியான பதில் இன்னும் வரவில்லை. ஒரு கொள்கையை எடைபோட உங்கள் மாணவர்களுக்கு இந்தக் கேள்வியே போதும்: இந்தப் படி நடந்த தண்ணீரில் அடுத்த படி பிழைக்குமா?

கடலடி ஊற்றுகளை இதே கேள்வியோடு பாருங்கள். 2000இல் அட்லாண்டிக் நடுவே கண்டுபிடித்த 'லாஸ்ட் சிட்டி' ஊற்றுகளில் நீர் 40 முதல் 90 டிகிரி வரை, பி.எச். 9 முதல் 11 வரை. ஆலிவின் என்ற பச்சைத் தாது தண்ணீரோடு வினைபுரிந்து செர்பென்டின் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியாகிறது. ஆலிவின் பாறையை நேரில் பார்க்க நினைத்தால் பக்கத்துச் சேலத்தில் வெள்ளைக்கல் வெட்டும் சுண்ணாம்புக் கரட்டுக்குப் போகலாம். அங்கே அந்தப் பாறை உருமாறி, வெள்ளை வெள்ளையாக மேக்னசைட் நரம்பு ஓடுவது தெரியும். இரும்பு, நிக்கல் கொண்ட தாதுக்களை வைத்து, 100 டிகிரியில், ஹைட்ரஜனையும் கார்பன் டை ஆக்சைடையும் இணைத்து அசிடேட், பைருவேட் வரை 2020இல் கொண்டுவந்திருக்கிறார்கள். நம் செல்லுக்குள் இன்றும் ஓடும் வேதியியலின் வாசனை அதில் இருக்கிறது. இது ஊற்றுக் கட்சியின் பலம். ஆனால் ஆர்.என்.ஏ.வின் எழுத்துக்களை அந்தச் சூழலில் கோத்துக் காட்டியவர் இல்லை. கடல் என்பதால் உண்டானதெல்லாம் நீர்த்துப்போகும் என்ற வழக்கும் தீரவில்லை. புகைபோக்கிச் சுவரின் நுண்துளைகளில் தேங்கும் என்பது அவர்கள் சமாதானம்.

மறுபக்கம், சதர்லண்ட் குழு 2009இல் ஆர்.என்.ஏ. எழுத்துக்களில் இரண்டை எளிய பொருள்களிலிருந்து வரவழைத்தது குட்டைக் கட்சியின் பெரிய வெற்றி. அங்கே குறை, ஒவ்வொரு பொருளையும் உரிய நேரத்தில் உரிய வரிசையில் ஆய்வாளர் கை சேர்த்தது. நான் எந்தப் பக்கம் என்றால், குட்டைப் பக்கம் கொஞ்சம் சாய்வேன். உலர முடியாத இடத்தில் கோப்பு வேலை எப்படி நடக்கும் என்பது எனக்குப் பிடிபடவில்லை.

விண்கல்லை இவற்றோடு போட்டியாக வைக்கவேண்டாம், அது செங்கல் லாரி. 1969இல் ஆஸ்திரேலியாவில் விழுந்த மர்ச்சிசன் கல்லிலும், 2023இல் பெனு குறுங்கோளிலிருந்து கொண்டுவந்த மண்ணிலும் அமினோ அமிலங்கள் இருந்தன. பெனு மண்ணில் உயிர் பயன்படுத்தும் 20இல் 14 வகை, மரபு எழுத்துக்கள் ஐந்தும். இறக்கிப்போட்டதோடு லாரியின் வேலை முடிந்தது.

மில்லருக்குப் பதில் ஆய்வகத்தில் என்ன செய்யலாம் என்றால், கோஅசெர்வேட் துளிகள், அதாவது கரைசலிலிருந்து பிரிந்து திரளும் கூழ்த்துளிகள். உயிர் இப்படிக் கூழ்த்துளிகளிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று எண்ணியவர் ஒபாரின். (ஏறத்தாழ அதே காலத்தில், 1929இல், ஆதிக் கடலை நீர்த்த சூடான சாறு என்று சொன்ன ஹால்டேன் பின்னாளில் இந்தியக் குடிமகனாகி, 1964இல் புவனேசுவரத்தில் மறைந்தார்.) ஜெலட்டின் 1 கிராம், கம் அகேசியா (வேலம் பிசின்) 1 கிராம், தனித்தனியே 100 மி.லி. வாலை வடிநீரில். ஜெலட்டினைப் பத்து நிமிடம் ஊறவைத்து, பிறகு வெதுவெதுப்பாகச் சூடாக்கிக் கரையுங்கள். கம்மைக் கரைத்து வடிகட்டுங்கள், இல்லாவிட்டால் பட்டைத் தூளைப் பிள்ளைகள் செல் என்று வரைவார்கள். ஜெலட்டின் 5 மி.லி., கம் 3 மி.லி. கலந்து, 0.1 மோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் குலுக்கிப் பாருங்கள். பி.எச். 4 பக்கம் வரும்போது பாலாகக் கலங்கும். அந்த நொடியில் நிறுத்தி ஒரு துளியை நுண்ணோக்கியில் வைத்தால் உருண்டைகள் ஒன்றோடொன்று சேர்வது தெரியும். ஒரு சில சொட்டு கூடினால் மறுபடி தெளிந்துவிடும். ஆறவிட்டால் ஜெலட்டின் உறைந்துபோகும். போர் தண்ணீரில் கரைத்தாலோ கலங்கவே அடம்பிடிக்கும், ஏனென்றால் நீரிலுள்ள உப்புகள் இரண்டு பொருள்களின் எதிரெதிர் மின்னூட்டத்தை மறைத்துவிடுகின்றன. கலங்கிய குழாயில் ஒரு சிட்டிகை சமையல் உப்பு போட்டு, துளிகள் கரைவதையும் காட்டுங்கள்.

கடைசியாக ஒகேனக்கல். அங்குள்ள சார்னோக்கைட், நைஸ் பாறைகள் 250 கோடி ஆண்டுப் பழமை உடையவை என்பது சரி. ஆனால் ஆஸ்திரேலியாவின் பில்பராவில் நுண்ணுயிர்ப் படலங்கள் அடுக்கிய பாறைகள் 348 கோடி ஆண்டுப் பழையவை. ஒகேனக்கல் பாறை உருவாகும்போது உயிருக்கு ஏறத்தாழ நூறு கோடி வயது. அதுவுமில்லாமல், அந்தப் பாறை பூமிக்கடியில் ஏறத்தாழ 20 கி.மீ. ஆழத்தில் 700 டிகிரிக்கு மேல் வெந்தது. உயிரின் மிச்சம் ஏதாவது உள்ளே மாட்டியிருந்தாலும் கிராஃபைட் ஆகியிருக்கும். அந்தப் பக்கத்தில் அமிலச் சொட்டு விட்டால் நுரைக்கிற ஒரு பாறையும் உண்டு. கிளிஞ்சல் சுண்ணாம்புக்கல் என்று யாராவது எடுத்துவந்தால் நம்பாதீர்கள். அது 240 கோடி ஆண்டுக்கு முன் பூமியின் அடியிலிருந்து உருகி மேலேறிய கார்பனடைட். அதன் சுண்ணாம்பில் எந்த உயிரின் ஓடும் இல்லை.