‘ப்ளடி’ என்னும் உரிச்சொல்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஆங்கிலப் புதினம் ஒன்றைத் தமிழாக்கி வருகிறேன். அதில் லண்டன் முதியவர் ஒருவர் மழையையும் ‘ப்ளடி’ என்கிறார். பேரனின் ஓவியத்தையும் ‘ப்ளடி’ சேர்த்தே பாராட்டுகிறார். அவர் மனைவியோ எதற்கெடுத்தாலும் ‘காஷ்’ என்கிறார். இவை வசைகள்தாமா? எப்படி மொழிபெயர்ப்பது?
கே., திருநெல்வேலி

அன்புள்ள கே.,

‘ப்ளடி ஃபூல்’ என்று பிறரைத் திட்டக் கேட்டே அச்சொல்லை நாம் அறிந்துகொண்டதால், அது எங்கு வந்தாலும் நம் காதுக்கு வசையாகவே ஒலிக்கிறது. பண்புச்சொல்லுக்கு முன்னால் வரும்போது, நம் இலக்கணத்தில் ‘மிக’ என்று பொருள்தரும் சால, உறு, தவ, நனி ஆகிய உரிச்சொற்கள் செய்யும் வேலையைத்தான் அது செய்கிறது.

ஆனால் அந்தச் சாதுத்தன்மை பிற்பாடு வந்தது. 1914 ஏப்ரலில் பெர்னார்ட் ஷாவின் ‘பிக்மேலியன்’ லண்டனில் அரங்கேறியபோது, மேட்டுக்குடி உச்சரிப்பைப் பழகிய பூக்காரப் பெண், பூங்கா வழியே நடந்து போகிறாயா என்ற கேள்விக்கு இச்சொல்லைச் சேர்த்து மறுக்க, அரங்கம் வெகுநேரம் சிரித்தது. செய்தித்தாள்கள் அதை அச்சிடக் கூசின. பிறகு அச்சொல்லைச் சொல்லத் தயங்கியவர்கள் அதற்குப் பதிலாகப் ‘பிக்மேலியன்’ என்றே சொன்னார்கள் என்பதுதான் வேடிக்கை.

மனைவியின் ‘காஷ்’ வேறு வகை. இறைவன் பெயரை வீணாக உச்சரிக்கலாகாது என்பது விவிலியக் கட்டளை. 1606இல் இங்கிலாந்து இயற்றிய சட்டமோ, நாடக மேடையில் அப்படி உச்சரித்தால் பத்து பவுன் அபராதம் என்றது. அச்சமும் வேண்டும், ஆத்திரமும் தீர வேண்டும் என்ற நெருக்கடியில் ‘காட்’ என்பது ‘காஷ்’ ஆகவும், ‘கடவுள் என்னைக் குருடாக்கட்டும்’ என்ற ஆணை ‘ப்ளைமி’ ஆகவும் சிதைந்தன. இன்று சொல்பவர்களில் பலருக்கு மூலம் நினைவிலில்லை.

ஆகவே, முதியவரின் மழையைப் ‘பாழாய்ப்போன மழை’ எனலாம். ஓவியத்துக்குப் ‘படு பிரமாதம்’ பொருந்தும். ‘ப்ளடி’யின் நேர்ப்பொருளான ‘ரத்த’ என்ற சொல் மட்டும் எங்கும் தலைகாட்ட வேண்டாம். சிக்கல் அந்த அம்மாளிடம்தான். கால் இடறினால்கூட ‘முருகா’ என்பதைப் புண்ணியமாகக் கருதும் நமக்கு, கடவுள் பெயரை மறைத்துச் சொல்லும் தேவையே எழவில்லை. ‘காஷ்’ என்பதை ‘அடக் கடவுளே’ என்று பெயர்த்தால், அவர் எதைச் சொல்லாமல் தவிர்க்கிறாரோ அதையே அவர் வாயில் போட்டுவிடுவீர்கள். ‘அம்மாடி’ என்று எழுதுங்கள்.