வாசல் கேமரா மட்டும் போதாது

புளி பேஸ்டும் ஊறுகாயும் அமெரிக்காவுக்கு அனுப்புகிறீர்கள். யாரும் வேண்டுமென்றே விஷம் கலக்காமல் தடுக்கத் திட்டம் இருக்கிறதா என்று வாங்குபவர் கேட்கிறார், வாசலில் கேமரா வைத்தால் போதுமா என்று எழுதியிருந்தீர்கள். போதாது. அமெரிக்க உணவு, மருந்து கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ-வின் 2016 விதி, உள்ளே வேலை செய்பவரே செய்யக்கூடும் என்பதையும் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. வாசல் கேமரா அவரை என்ன செய்யும்?

1984-இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில், தி டாலஸ் ஊரில் ரஜனீஷ் ஆசிரமத்தினர் உணவகங்களின் திறந்த சாலட் மேசைகளில் சால்மோனெல்லா என்ற நோய்க்கிருமியைக் கலந்தார்கள். 751 பேருக்கு நோய். கலந்தவர்கள் வாடிக்கையாளர்களாக முன்வாசல் வழியாகவே வந்தவர்கள்.

அதனால் வாசலை விட்டுவிட்டு, உணவு திறந்து கிடக்கும் இடங்களைப் பாருங்கள். எண்ணெய் டேங்க், பேஸ்ட் கலக்கும் அண்டா, அப்புறம் முக்கியமாக, எடை போட்டு ஓரமாக வைக்கும் பெருங்காயம், உப்பு, பதப்படுத்தும் பொருள். நான் அதிகம் பயப்படுவது இந்தக் கடைசி இடத்துக்குத்தான். சின்னக் கிண்ணத்தில் போட்டது மொத்த அண்டாவிலும் சீராகப் பரவிவிடும். முந்தின நாள் மாலையே எடை போட்டு வைக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்துங்கள். கலக்கும் நேரத்தில் எடை போடட்டும், இருவர் கூட நிற்கட்டும். அண்டாவுக்குப் பூட்டுள்ள மூடி போடுங்கள். அந்த அறைக்குள் யார் வரலாம் என்று பெயர் எழுதி ஒட்டுங்கள், தினமும் பார்த்துக் கையெழுத்து வாங்குங்கள்.

ஆண்டு விற்பனை சுமார் 1 கோடி டாலருக்குள் என்றால் முழுத் திட்டம் கட்டாயமில்லை, அதைக் காட்டும் கணக்கு கையில் இருக்க வேண்டும். ஆனாலும் வாங்குபவர் தன் பங்குக்குக் கேட்கலாம்.