வரிசையின் கடைசியில் நடந்தேன்: மெல்ரோஸிலிருந்து லிண்டிஸ்ஃபார்ன் வரை

கேள்வி: செல்டிக் ஆன்மீகப் பாதைகள் என்கிறார்களே, அதில் ஒரு குழுவோடு நடந்து போனால் எப்படி இருக்கும்? கிறிஸ்தவர் அல்லாதவர்கள் போகலாமா? தனியாகப் போவது நல்லதா, கூட்டமாகப் போவது நல்லதா?

போகலாம், நான் போயிருக்கிறேன். முதல் முறை என்றால் கூட்டத்தோடு போங்கள் என்றுதான் சொல்வேன். காரணத்தைச் சொல்லக் கொஞ்சம் நீட்டி எழுத வேண்டியிருக்கிறது.

நான் வடகிழக்கு இங்கிலாந்தில் செவிலியராக வேலை பார்க்கிறேன். சொந்த ஊர் தூத்துக்குடி பக்கம், வீட்டில் முருகன். என்னோடு இரவு டியூட்டி பார்க்கும் தோழியின் தேவாலயத்திலிருந்து ஒவ்வொரு ஜூன் மாதமும் ஒரு குழு புனித கத்பர்ட் பாதையில் நடக்கப் போகும். “வழியில் எல்லாருக்கும் காலில் கொப்புளம் வரும், பார்த்துக்கொள்ள ஒரு ஆள் வேண்டும். வருகிறாயா?” என்று கேட்டாள். லீவு இருந்தது, சரி என்றேன். பெரிய தேடல் எதுவும் அப்போது மனதில் இல்லை.

ஸ்காட்லாந்தின் மெல்ரோஸ் என்ற சிற்றூரில் தொடங்கி, எல்லையைத் தாண்டி, இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் இருக்கும் லிண்டிஸ்ஃபார்ன் தீவில் முடிகிற பாதை அது. சுமார் 100 கிலோமீட்டர். நடைபாதையாக அடையாளக் கம்பங்கள் நட்டுத் திறந்தது 1996ல்தான். ஆனால் அந்த இரண்டு ஊர்களையும் சேர்க்கிற கதைக்கு வயது 1300 வருடத்துக்கு மேல். 635ல் ஆஸ்வால்ட் என்ற அரசர் கேட்டுக்கொண்டதால், ஸ்காட்லாந்தின் மேற்குக் கரையில் இருக்கும் அயோனா தீவு மடத்திலிருந்து ஏய்டன் என்ற ஐரிஷ் துறவி வந்து லிண்டிஸ்ஃபார்னில் மடம் அமைத்தார். 651ல் ஏய்டன் இறந்த இரவில், மலையில் ஆடு காத்துக்கொண்டிருந்த இளைஞன் ஒருவன் வானத்திலிருந்து ஒளி இறங்கி ஓர் ஆன்மாவை எடுத்துப் போவதைப் பார்த்தானாம். அவன்தான் கத்பர்ட். அந்த வருடமே மெல்ரோஸ் மடத்தில் சேர்ந்தார். பின்னாளில் லிண்டிஸ்ஃபார்னுக்குப் போனார், ஆயராகவும் ஆனார், 687ல் பக்கத்து ஃபார்ன் தீவில் தனிமையில் இறந்தார். அவர் துறவு வாழ்க்கை தொடங்கிய இடத்திலிருந்து முடிந்த இடத்தை நோக்கி நடப்பதுதான் இந்தப் பாதை.

‘செல்டிக்’ என்ற சொல்லைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அந்தப் பெயரில் நிறைய மிகைப்படுத்தி விற்கிறார்கள். அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ் பக்கத்துப் பழைய இனத்தவரைத்தான் செல்டிக் என்பார்கள். கத்பர்ட் அவர்களில் ஒருவர் இல்லை, ஆங்கிலோ-சாக்சன், அதாவது ஜெர்மனி பக்கமிருந்து வந்து இங்கிலாந்தில் குடியேறியவர்களின் வழி. அவருக்குக் கிடைத்த துறவு முறைதான் அயர்லாந்திலிருந்து அயோனா வழியாக வந்தது. 664ல் விட்பியில் கூடிய சபை, ஈஸ்டர் நாளைக் கணக்கிடுவதில் ரோமாபுரி வழக்கமே செல்லும் என்று முடிவு செய்தபோது கத்பர்ட் அதை ஏற்றுக்கொண்டார். ஆகவே ரோமுக்கு எதிராக நின்ற தனி மதம், இயற்கை வழிபாடு என்றெல்லாம் யாராவது சொன்னால் அப்படியே நம்ப வேண்டாம். அந்த மரபில் எனக்கு உண்மையாகப் பிடித்தது வேறு. அவர்கள் நடந்தார்கள். ஓர் அரசர் ஏய்டனுக்கு நல்ல குதிரை ஒன்றைக் கொடுக்க, அவர் அதை வழியில் பார்த்த பிச்சைக்காரருக்குக் கொடுத்துவிட்டார் என்று பீட் என்ற பழைய வரலாற்றாசிரியர் எழுதியிருக்கிறார். எதிரே வருகிறவரிடம் நின்று பேச வேண்டுமென்றால் குதிரைமேல் இருக்கக் கூடாது, அவ்வளவுதான்.

நாங்கள் மொத்தம் 14 பேர். முதல் நாள் காலை மெல்ரோஸில், 1136ல் கட்டத் தொடங்கிய பெரிய மடத்தின் இடிபாட்டுச் சுவருக்குப் பக்கத்தில் கூடினோம். (கத்பர்ட் இருந்த மடம் இது இல்லை. அது கிழக்கே சில கிலோமீட்டர் தள்ளி ட்வீட் ஆறு வளைகிற இடத்தில் இருந்தது. இன்று அங்கே பார்க்க ஒன்றும் மிச்சமில்லை.) குழுத்தலைவி, ஓய்வுபெற்ற ஆசிரியை, வலது கையை நீட்டி, ஆள்காட்டி விரலால் தன்னைச் சுற்றி ஒரு வட்டம் போட்டபடி மெதுவாகத் திரும்பினார். காக்கும் வட்டம் என்று இதைச் சொல்கிறார்கள், ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில் இருந்து வந்த வழக்கம். சூரியன் போகிற திசையில்தான் சுற்ற வேண்டும், எதிர்ப்பக்கம் சுற்றக் கூடாது என்று விளக்கினார். எனக்கு ஒரு நொடி உடம்பு சிலிர்த்தது. நாம் கோயிலில் வலம் வருகிற அதே திசை.

அப்புறம் ஒரு பழைய ஐரிஷ் பிரார்த்தனையைப் படித்தார். முன்னால், பின்னால், மேலே, கீழே, வலப்புறம், இடப்புறம் என்று ஒவ்வொரு திசையாகச் சொல்லிக் காப்புக் கேட்கிறது. இந்த வகைக்கு லோரிக்கா என்று பெயர். லத்தீனில் மார்புக் கவசம் என்று அர்த்தமாம். சின்ன வயதில் செவ்வாய்க்கிழமை தோறும் அம்மா பக்கத்தில் உட்கார்ந்து கவசம் சொன்ன எனக்கு இதற்கு மேல் யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. கிறிஸ்தவர் அல்லாதவர்கள் போகலாமா என்று கேட்டீர்களே, என் பதில் அந்த நிமிடம்தான். நற்கருணை வாங்கும்போது மட்டும் நான் பின்வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஆறு நாளில் ஒருவர்கூட என் மதத்தைப் பற்றிக் கேள்வி கேட்கவில்லை.

கொப்புளம் பார்க்கிற ஆள் என்பதால், வரிசையின் கடைசியில் நடக்கிற வேலையும் என்னிடம் வந்தது. யாரும் பின்தங்கிவிடாமல் பார்க்க வேண்டும். ஆடு மேய்கிற நிலம் என்பதால், வழியில் வருகிற ஒவ்வொரு கேட்டையும் எல்லாரும் தாண்டியபின் மூடித் தாழ்ப்பாள் போட வேண்டும். நான் வேகமாக நடக்கிறவள். வார்டில் ஓடி ஓடிப் பழகிய கால். முதல் நாள் எய்ல்டன் குன்றுகளுக்கு நடுவே ஏறும்போதே, மற்றவர்கள் மூச்சு வாங்கி நிற்க நிற்க எனக்கு எரிச்சலாக வந்தது. இப்படியே ஆறு நாளா என்று நினைத்தேன்.

தினமும் காலையில் முதல் ஒரு மணி நேரம் யாரும் பேசக் கூடாது என்பது விதி. தனியாக நடக்கும்போது வருகிற மௌனம் வேறு, இது வேறு. தனியாக நடந்தால் மண்டைக்குள் பேச்சு ஓடிக்கொண்டே இருக்கும். 13 பேர் முன்னால் பேசாமல் நடக்கும்போது, நாமும் அவர்களோடு சேர்ந்து எதையோ தாங்கிப் பிடித்திருப்பது போல இருக்கும். பூட்ஸ் சரளைக்கல்லில் உரசும் சத்தம், தூரத்தில் ஆட்டுக்குட்டி, என் கையில் தாழ்ப்பாள் விழும் ‘டக்’. கடைசி ஆள் என்பதால் எனக்கு யார் முகமும் தெரியாது, முதுகு மட்டும்தான் தெரியும். இரண்டாம் நாளுக்குள் முதுகை வைத்தே ஆளைச் சொல்லப் பழகிவிட்டேன். ஒரு பெண் அழுகை வருவதற்கு முன்னால் இடது தோளை மட்டும் லேசாக இறக்குவார். அதைப் பார்த்தால் கொஞ்சம் கிட்டே போய் நடப்பேன், எதுவும் கேட்க மாட்டேன். அவர் ஏன் அழுதார் என்று எனக்கு இன்று வரை தெரியாது.

சாயங்காலம் தங்குமிடத்தின் சமையலறையில் வெந்நீர் பேசினை வைத்துக்கொண்டு உட்காருவேன். வரிசையாக வந்து காலை நீட்டுவார்கள். குதிகால் ஓரம் தேய்ந்தது, சுண்டுவிரல் நகம் கறுத்தது, இரண்டு விரலுக்கு நடுவே கண்ணாடி மாதிரி நீர் கோத்தது. கொப்புளத்தின் மேல்தோலைப் பிய்க்காதீர்கள், எரிச்சல் தெரிந்த உடனே நடையை நிறுத்தி டேப் ஒட்டுங்கள், கூடுதலாகக் கம்பளிச் சாக்ஸ் எடுத்துப் போங்கள். இந்த மூன்றைக் கேட்டாலே பாதிப் பாடு குறையும். மருத்துவமனையில் எத்தனையோ கால்களுக்குக் கட்டுப் போட்டிருக்கிறேன். ஆனால் அன்று முழுக்கப் பின்னால் இருந்து பார்த்துக்கொண்டே வந்த கால்களைக் கையில் எடுப்பது வேறு மாதிரி இருந்தது.

என்னோடு எப்போதும் பின்னால் வந்தவர் 71 வயதுப் பெரியவர். முழங்கால் தேய்மானம், இரண்டு கையிலும் ஊன்றுகோல். 30 வருடம் லண்டன்–எடின்பரோ வழித்தடத்தில் ரயில் ஓட்டியவர். அந்தத் தண்டவாளம் லிண்டிஸ்ஃபார்னுக்கு எதிர்க்கரை வழியாகப் போகிறது, வண்டியிலிருந்து தீவு தெரியும். “வெயில், மழை, பனி எல்லாவற்றிலும் பார்த்திருக்கிறேன். ஒரு நாள்கூட இறங்கிப் போனதில்லை” என்றார். மூன்றாம் நாள் வைட்ஓப்பன் குன்று, 368 மீட்டர், பாதையிலேயே உயரமான இடம், கிட்டத்தட்டப் பாதித் தூரமும் அதுதான். அதில் அவர் 20 அடி வைப்பார், நிற்பார், மறுபடி 20 அடி. நான் அவர் ஊன்றுகோல் சத்தத்துக்கு என் மூச்சைப் பொருத்திக்கொண்டேன். எப்போது அப்படிச் செய்யத் தொடங்கினேன் என்று தெரியவில்லை. மேலே போனபோது மற்றவர்கள் சாண்ட்விச் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். எரிச்சல் எங்கே போனதென்றே தெரியவில்லை. தனியாகப் போயிருந்தால் என் வேகத்தில் அந்தக் குன்றை ஒரு மணி நேரத்தில் முடித்துவிட்டு, ஒன்றுமே பார்க்காமல் இறங்கியிருப்பேன். கூட்டமாகப் போங்கள் என்று நான் சொல்வது இதனால்தான்.

கூட்டத்தில் தொல்லையும் உண்டு. குறட்டை உண்டு. முன்னால் ஓடிய நான்கு பேர் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு எல்லாரையும் 40 நிமிடம் மழையில் நிறுத்தினார்கள். கிர்க் யெட்டம் தாண்டி எல்லையைக் கடப்பது, வூலர் வரையிலான நீண்ட நாள் எல்லாம் அழகுதான், ஆனால் எனக்கு அதிகம் நினைவில் நிற்கவில்லை. நினைவில் நின்றது ஐந்தாம் நாள் பார்த்த கத்பர்ட் குகைதான். பைன் மரங்களுக்கு நடுவே பெரிய மணற்பாறை ஒன்று கூரை மாதிரி நீட்டிக்கொண்டிருக்கிறது. 793ல் வைக்கிங்குகள் லிண்டிஸ்ஃபார்னைத் தாக்கினார்கள். தாக்குதல்கள் ஓயாததால் 875ல் துறவிகள் கத்பர்ட்டின் உடலைச் சுமந்துகொண்டு தீவை விட்டே கிளம்பினார்கள். அப்போது இங்கே தங்கினார்கள் என்பது ஐதீகம். அந்த உடல் கடைசியில் டர்ஹம் போய்ச் சேர்ந்தது, இன்றும் அங்கேதான் பேராலயத்தில் இருக்கிறது. பாறைக்கடியில் தலைவி ஒரு கதை சொன்னார். கத்பர்ட் இரவு முழுக்கக் கழுத்தளவு கடலில் நின்று ஜெபிப்பாராம். விடியலில் கரையேறியதும் இரண்டு நீர்நாய்கள் பின்னாலேயே வந்து, மூச்சால் அவர் பாதத்தைச் சூடாக்கி, தங்கள் ரோமத்தால் துடைத்துவிட்டனவாம்.

ஆறாம் நாள் பாதை அந்தத் தண்டவாளத்தையே குறுக்கே தாண்டுகிறது. மேம்பாலம் இல்லை. வண்டிகள் 200 கிலோமீட்டர் வேகத்தில் போகிற இடம். ஓரத்தில் ஒரு தொலைபேசி இருக்கிறது, அதில் சிக்னல்காரரிடம் அனுமதி கேட்ட பிறகுதான் தாண்ட வேண்டும். யாரும் சொல்லாமலே எல்லாரும் விலகிப் பெரியவருக்கு வழி விட்டார்கள். அவர் போனை எடுத்து, பழைய வேலைக்குரலில், “14 பேர், நடந்து கடக்கிறோம்” என்றார். தாண்டி முடித்ததும் திரும்பக் கூப்பிட்டு, “எல்லாரும் கடந்தாயிற்று” என்றார். போனை வைத்த பிறகும் கொஞ்ச நேரம் அதன்மேல் கையை வைத்தபடி நின்றார்.

கரைக்கும் தீவுக்கும் நடுவே ஒரு நாளைக்கு இரண்டு முறை கடல் ஏறி மூடிவிடும். காருக்குத் தனியாக ஒரு தார்ச்சாலை இருக்கிறது, 1954ல் போட்டது. நடப்பவர்களுக்கு மணலில் வரிசையாக நட்ட உயரமான கம்பங்கள்தான் வழி, ஏறத்தாழ 5 கிலோமீட்டர். நடுவில் ஏணி வைத்த மரக்கூண்டுகள் உண்டு, மாட்டிக்கொண்டால் ஏறி உயிர் தப்புவதற்கு. அன்றைய நேர அட்டவணையைப் பார்க்காமல், தண்ணீர் வற்றிக்கொண்டிருக்கிறது என்று உறுதி செய்யாமல் தயவுசெய்து இறங்காதீர்கள். இதில் கடற்கரை ஊரில் பிறந்தவர், நீச்சல் தெரிந்தவர் என்ற கணக்கெல்லாம் எடுபடாது.

பூட்ஸைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வெறுங்காலோடு இறங்கினோம். ஜூனிலும் அந்தத் தண்ணீர் எலும்பைப் பிடிக்கிறது. சில இடங்களில் கெட்டி மணல், அலை வரிவரியாகக் கோலம் போட்டிருக்கும். சில இடங்களில் கணுக்கால் வரை கறுப்புச் சேறு. தூரத்தில் யாரோ கூட்டமாக அழுவது மாதிரி ஒரு நீண்ட சத்தம், எனக்குப் பக்கென்றது. மணல்திட்டில் படுத்திருந்த கடல்நாய்களின் குரல் அது. மூடுவதற்கு இங்கே கேட்டே இல்லை, என் கை சும்மா இருந்தது. பெரியவர் ஒரு ஊன்றுகோலை என்னிடம் கொடுத்துவிட்டு என் தோளைப் பிடித்துக்கொண்டார்.

பாதித் தூரத்தில் நின்று திரும்பிப் பார்த்தார். எதிர்க்கரையில், வயலுக்கு அந்தப் பக்கம், ஒரு ரயில் தெற்கே போய்க்கொண்டிருந்தது. தீக்குச்சி அளவுதான் தெரிந்தது. அவர் கையைத் தூக்கி, அது கண்ணிலிருந்து மறையும் வரை இறக்கவே இல்லை. எங்களுக்கு முன்னால் 12 முதுகுகளும் நின்று காத்திருந்தன.

தீவின் கரையில் புல்மேல் அவரை உட்கார வைத்து, குடிதண்ணீரால் சேற்றைக் கழுவி, என் துண்டால் ஒவ்வொரு விரலாகத் துடைத்தேன். வழக்கம்போல விரல் இடுக்குகளைப் பிரித்துப் பார்த்தேன். புதுக் கொப்புளம் ஒன்றுகூட இல்லை.